ஆமை ஏன் கடைசியாகக் கிளம்பியது?

நாரை டீச்சரின் வகுப்பில் அன்று மூன்றாவது குழுவின் முறை. தவளைக் குட்டி பாடத்தை வாசிக்கும். மைனாக் குஞ்சு விளக்கும். ஆமைக் குட்டிக்குச் சார்ட்டைப் பிடிக்கிற வேலை. அது மெதுவாகப் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்று மைனாதான் வேலையை அப்படிப் பிரித்திருந்தது.

தவளை வாசித்தது: "குளம் வற்றத் தொடங்கியது. எல்லோரும் வேறு குளத்துக்குக் கிளம்பினார்கள். ஆமை கடைசியாகக் கிளம்பியது."

"ஏன் கடைசியா?" என்றார் டீச்சர்.

"அது மெதுவா நடக்கும் டீச்சர்," என்றது மைனா பட்டென்று. வகுப்பே சிரித்தது.

சார்ட்டுக்குப் பின்னாலிருந்து ஆமை தலையை நீட்டியது. "மெதுவா நடக்கிறவங்க முதல்லயே கிளம்பிடுவோம் டீச்சர். எங்க வீட்ல எப்பவும் அப்படித்தான். அது கடைசியா கிளம்புச்சுன்னா, யாருக்காகவோ காத்திருந்திருக்கு."

தவளை பாடத்தை மறுபடி பார்த்தது. "எங்க தலைப்பிரட்டைத் தம்பிங்களுக்காகத்தான் இருக்கும்," என்றது மெல்ல. "கால் முளைச்சு வால் மறையிற வரைக்கும் அவங்களால தண்ணியை விட்டு வர முடியாதே."

டீச்சர் தூக்கியிருந்த காலைக் கீழே வைத்துவிட்டார். "அடுத்த கேள்விக்கு யார் பதில் சொல்றீங்க?"

மைனா நெஞ்சை நிமிர்த்தியது. "எங்க ஆமை சொல்லும் டீச்சர்."

சொல்லிவிட்டு, சார்ட்டை வாங்கித் தன் அலகில் கவ்விக்கொண்டது.