ஒரு வண்டி அகலம்

"என் பொணத்து மேல ஏத்திட்டுப் போ!"

டிராக்டருக்கு முன்னால் குறுக்கே உட்கார்ந்துவிட்டார் வரப்பு.

அது அவர் பெயரல்ல. தன் வரப்பில் அடுத்தவன் கால் பட்டாலே மண் உதிர்ந்ததா என்று குனிந்து பார்க்கிற ஆள் என்பதால் ஊர் வைத்த பெயர்.

"அண்ணே, வானத்தைப் பாருங்கண்ணே. மழை விழுந்தா அத்தனை வெங்காயமும் அழுகிடும்," என்றாள் டிராக்டரை வாடகைக்குக் கூட்டி வந்தவள்.

அவள் நிலம் உள்ளே, கடைசியில். பிடுங்கிய வெங்காயம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. போன வருஷம் வரை பக்கத்து வயல் வழியாக வண்டி வந்துபோனது. பக்கத்து வயல்காரர் அதை விற்றுவிட்டு டவுனுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். வாங்கியது பண்ணைவீடு. நிலச் சீர்திருத்தத்தில் எந்தப் பண்ணைவீட்டிடமிருந்து நிலத்தைப் பிடுங்கி இந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தார்களோ, அதே பண்ணைவீடு. மறுவாரமே முள்கம்பி வந்துவிட்டது.

இந்த மகசூலும் போனால் அவளும் விற்க வேண்டியதுதான். "யோசிச்சுச் சொல்லும்மா, அவசரமில்லை" என்று பண்ணைவீட்டுக் கணக்குப்பிள்ளை சிரித்துவிட்டுப் போயிருக்கிறான்.

"தலைச்சுமையாத் தூக்கிட்டுப் போயேன்," என்றார் வரப்பு. "நடக்க வேண்டாம்னு நான் யாரையாவது சொல்லியிருக்கேனா?"

"தூக்க ஊர்ல ஆள் எங்கண்ணே இருக்கு? என் வீட்டுக்காரரே கட்டட வேலைக்குப் போயிட்டார்."

"அதுக்கு என் மிளகாய்க் கன்னுதான் கிடைச்சுதா?"

டிராக்டர்காரன் இன்ஜினை அணைத்தான். "அக்கா, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. இவர் மேல ஏத்திட்டு நான் ஜெயிலுக்குப் போக முடியாது."

வேறு வழியில்லாமல் அவள் விவசாயச் சங்கத் தலைவருக்குப் போன் போட்டாள்.

தலைவர் வந்தார். தலை முழுக்க நரைத்தும் நடையில் ஊர்வலத்து வேகம் குறையவில்லை. இந்த நிலங்களுக்காக லத்தியடி வாங்கியவர், ஜெயிலில் கிடந்தவர். அவர் பின்னாலேயே ஒரு கூட்டமும் வந்து சேர்ந்தது.

"எழுந்திருய்யா!"

வரப்பு எழுந்து நின்றார். யார் சொல்லியும் கேட்காத மனுஷன், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்தம்மாவுக்கு வழி விட மாட்டியா?"

"கன்னு நட்டிருக்கேன் தலைவரே. இப்பத்தான் வேர் பிடிச்சிருக்கு."

"பெரிய கன்னு! பண்ணையார்கிட்ட இருந்து நிலத்தைப் பிடுங்கி உங்க கையில குடுத்தது, ஆளுக்கொரு குட்டிப் பண்ணையார் ஆகறதுக்கா?"

கூட்டம் சிரித்தது.

"ராத்திரி வரப்பைச் சுருட்டித் தலைக்கு வச்சுக்கிட்டுத் தூங்கற ஆளு தலைவரே!" என்றது ஒரு குரல்.

"பேசுய்யா. உனக்கு நிலம் வாங்கிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"அந்த நான் சொல்றேன். வண்டி போகட்டும்."

வரப்பு வாயைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். நகர்ந்து நின்றார்.

டிராக்டர் உள்ளே போய், பாதி மூட்டைகளோடு திரும்பி ரோட்டுக்கு ஏறியது. சுயநலம் பற்றித் தலைவர் சுருக்கமாகப் பேசினார். கைதட்டினார்கள். பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று அவர் கிளம்ப, எல்லோரும் கலைந்தார்கள்.

வரப்பு குனிந்து நசுங்கிய கன்றுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. கோபமும் தீரவில்லை.

"ஒரு ஓரமா வழி விட்டிருந்தா இத்தனை பேர் முன்னாடி பேச்சு வாங்கியிருக்க வேண்டாமேண்ணே?"

"ஓரம் எங்கம்மா இருக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தினமும் நடக்கிற இடம்தான். ரோட்டிலிருந்து அவள் வயல் வரை நீண்டு கிடந்தது அந்த நிலம். அகலம் மட்டும் ஒரு வண்டிக்குத்தான் இருந்தது. இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வரிசை மிளகாய் நிமிர்ந்து நின்றது.

"நீ கல்யாணமாகி வர்றதுக்கு முந்தின கதை. இது பண்ணையார் வண்டிப்பாதை. நிலத்தைப் பிரிச்சப்ப, பாதையை விட்டு வைங்கன்னு சர்வேயர் தலைதலையா அடிச்சுக்கிட்டார். 'பண்ணையார் வண்டி ஓடின மண்ணு, இதைத்தான் முதல்ல உழணும்'னு தலைவரே ஏர் பிடிச்சார். ஊரே கைதட்டுச்சு. நானும்தான் தட்டினேன். பங்கு போட்டு முடிஞ்சா, என் ஒருத்தனுக்கு மட்டும் நிலம் இல்லை. இந்தா உனக்குன்னு உழுத பாதையைக் குடுத்தார்."

"இதை அவர் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமேண்ணே!"

"மறந்துட்டார் போல. அத்தனை பேர் முன்னாடி அதைக் கிளறினா அவர் மானம் என்னத்துக்கு ஆகும்? அடி வாங்கின உடம்பும்மா அது."

ரோட்டில் டிராக்டர் திரும்பி வரும் சத்தம் கேட்டது. "வேண்டாம்ணே, மிச்சத்தை நானே தூக்கிக்கிறேன்," என்று அவள் நிறுத்த ஓடினாள்.

"வரட்டும், விடு. இருக்கறதையெல்லாம் இன்னைக்கே ஏத்திடு," என்றார் வரப்பு. "கணக்குப்பிள்ளை என்கிட்ட வாராவாரம் வர்றான். கேட்கிற விலை தர்றேங்கறான். இதை வாங்கிக் கம்பி போட்டுட்டா நீங்க யாரும் உள்ள நடந்துகூடப் போக முடியாது, உங்க நிலமெல்லாம் தானா அவங்க மடியில விழும்னு அவனுக்குத் தெரியும். இதுவரைக்கும் வயித்துக்கு மிளகாய் இருந்துச்சு. முடியாதுன்னு சொல்லிட்டிருந்தேன்."