யார் கைராசி?

“நான் கண்ணை மூடினா போதும், படகு படுத்துடுது! சுக்கானைப் பிடிச்சிருந்தீங்களா, இல்ல அதுமேல சாய்ஞ்சு தூங்கிட்டீங்களா?”

எழுந்ததும் எழாததுமாக மனைவி ஆரம்பித்துவிட்டாள். பெருங்கடலைக் கடக்கும் பந்தயம் அது, படகுக்கு இரண்டே பேர். அவன் படகு கட்டுபவன், அவள் பாய் தைப்பவள். படகு அவன் கட்டியது, பாய் அவள் தைத்தது. சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

“என் படகு நல்லாத்தான் இருக்கு. உன் பாய்தான் ஈரத்துணி மாதிரி தொங்குது.”

“தொங்காம? ஓட்டுற கை அப்படி!”

பின்னால் ஒரு சிவப்புப் படகு நெருங்கிக்கொண்டே வந்தது. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்க வேண்டும் என்பது ஏற்பாடு. தூக்கம் எங்கே வந்தது? படுத்தவரின் காதெல்லாம் மேலேதான் இருக்கும். பாய் லேசாகப் படபடத்தாலும், “அங்க என்னதான் நடக்குது?” என்று கீழேயிருந்து குரல் வரும்.

சுக்கானைத் தானாகத் திருப்பும் கருவி ஒன்றும் படகில் இருந்தது. சமைக்கவும் சாப்பிடவும் மட்டும் அதைப் போடுவார்கள். “மெஷினுக்கு என்ன தெரியும், கை வேணும்” என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. யார் கை என்பதில்தான் தகராறு.

அன்று பேச்சு முற்றிப்போனது.

“கரைக்குப் போனதும் நீ உன் வழியைப் பாத்துக்கோ, நான் என் வழியைப் பாத்துக்கறேன்” என்றான் அவன்.

“கரை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? பேச்சை இப்பவே நிறுத்திக்கலாம்.”

நிறுத்தியே விட்டார்கள். அவன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு, உபரிப் பாய்கள் கிடந்த முன்னறைக்குக் குடிபோய்விட்டான். முறை மாறும்போது மேல்பலகையில் மூன்று தட்டு. உள்ளேயிருந்து பதிலுக்கு மூன்று தட்டு வந்தால், எழுந்தாயிற்று என்று அர்த்தம். மேலே இருப்பவர் கருவியைப் போட்டுவிட்டு, வருகிறவர் முகத்தில் விழிக்காமல் இறங்கிப் போய்ப் படுத்துக்கொள்வார். ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் நடந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவள் கண் விழித்தபோது, எதிரே தேநீரோடு அவன் நின்றான்.

“குடி. ஆறிடப்போகுது.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெயில் சாய்ந்திருந்தது, தன் முறை எப்போதோ வந்திருக்க வேண்டும். அவனைத் திட்ட வாயெடுத்தவள், ஏனோ குரலைத் தணித்துக்கொண்டாள்.

“நீங்க குடிச்சீங்களா? பாவம், உங்களுக்குத்தான் வேணும்.”

“எனக்கென்ன? நீ குடி முதல்ல. அன்னிக்கு நான் பேசினது தப்பு. மனசுல வச்சுக்காத.”

“நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? உங்க மனசு எப்படின்னு தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரே கோப்பையில் இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். பந்தயம் போனால் போகட்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

அப்போது பந்தய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

“வாழ்த்துகள்! மதியத்துலேருந்து உங்க படகு பறந்திருக்கு! சிவப்புப் படகு எங்கயோ பின்னாடி கிடக்குது. இந்தப் பந்தயத்துல இதுவரைக்கும் யாரும் இவ்வளவு நேர்த்தியா ஓட்டினதே இல்ல. சொல்லுங்க, சுக்கானைப் பிடிச்சது யாரு?”

“இவதான்!” என்று அவனும், “இவர்தான்!” என்று அவளும் ஒரே நேரத்தில் பெருமையாகச் சொன்னார்கள்.

அவள் சட்டென்று தொலைபேசியைக் கையால் பொத்தினாள். “என்னங்க, மதியம் நான் தட்டினப்போ பதிலுக்குத் தட்டினீங்களே... அப்புறம் மேல வரலையா?”

“தட்டினேனா? தூக்கத்துலயா?” என்றான் அவன். “எனக்குப் பதிலா நீயே ஓட்டிட்டு இப்பதான் வந்து படுத்துட்டன்னுல்ல நினைச்சேன்!”