வடாமும் விண்வெளியும்

“காக்கா வந்தா விரட்டு. வடாம் ஒண்ணுகூடக் குறையக் கூடாது” என்று குச்சியை நீட்டினார் அந்த அம்மாள். நேர்முகத் தேர்வு தொடங்கிவிட்டது என்று ஏஞ்சலுக்குப் புரிந்துபோயிற்று.

விண்வெளி இயற்பியலில் பிஎச்.டி. செய்ய, 2006இல் பேராசிரியை ரத்தினபாயிடம் இருந்தது ஒரே ஒரு சீட். பொத்தேரி ஹாஸ்டலில் சீனியர் அஃப்ஷான் முன்பே எச்சரித்திருந்தாள். “மேடம் வீட்டுக்குத்தான் வரச் சொல்வாங்க. கேள்வியே கேக்க மாட்டாங்கடி. ஏதாவது வேலை குடுத்துட்டு, நீ எப்படி அப்சர்வ் பண்றேன்னு பாப்பாங்க.”

அதனால்தான் சிட்லபாக்கத்தில் ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்றிருந்த கேட்டைத் திறந்ததும் குச்சி கிடைத்தபோது, அவள் மறுபேச்சுப் பேசாமல் மாடியேறினாள்.

மே மாத வெயிலில் மொட்டை மாடி தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஏஞ்சல் அசரவில்லை. நோட்டில் கட்டம் போட்டாள்: நேரம், காற்றின் திசை, வந்த காக்கை, போன இடம். விரட்டியதெல்லாம் எதிர்வீட்டு மாடிக்கே போயிற்று. அதையும் விடாமல் எழுதினாள். சூரியக் காற்றை அளக்கப் போகிறவள் கேவலம் காக்கையிடமா தோற்பாள்?

ஒரு மணிக்கு அந்த அம்மாள் மோரோடு வந்தார்.

“வடாம் ஒண்ணும் குறையல மேடம். மொத்தம் இருபத்து மூணு காக்கா. எனக்கு சீட் உண்டா?”

“என்ன சீட்டு? வேலைக்காரம்மா தன் பொண்ணை அனுப்பறேன்னா. நீ அவ இல்லையா?”

ஏஞ்சல் மாடியிலிருந்து கேட்டை எட்டிப் பார்த்தாள். “இது பதினாலாம் நம்பர்தானே?”

“இது பழைய பதினாலும்மா. புரொபசரம்மா வீடு புது பதினாலு. தோ, எதிர்ல.”

ஏஞ்சல் அழாத குறையாக ஓடினாள். மூன்று மணி நேரம் தாமதம். இருந்த ஒரே சீட்டும் போச்சு.

கதவைத் திறந்த ரத்தினபாயின் முகம் கடுகடுவென்றிருந்தது. அவர் கையிலும் ஒரு குச்சி. “காலையிலேர்ந்து அந்த மாடியில நின்னது நீதானா?”

ஏஞ்சல் நோட்டை நீட்டினாள். ரத்தினபாய் வரி வரியாகப் படித்தார். உள்ளே போய்த் தம்முடைய நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நீ இருபத்து மூணு அனுப்பியிருக்க. என் வடாம் மேல வந்து உக்காந்தது இருபத்து ரெண்டுதான்.”

“சாரி மேடம்.”

“சாரி எதுக்கு? மிச்சம் ஒண்ணு எங்க போச்சு? அதான் உன் பிஎச்.டி.”