க்ளிக் கேக்குதாண்ணே?

டேக் முடிந்த பிறகுதான் அவள் பார்த்தாள்.

க்ளிக் போகவே இல்லை.

காலையில் பாடகியின் குரலைத் தனியாகக் கேட்பதற்காக அதை மூடியவள், திறக்க மறந்துவிட்டாள். பொத்தான் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாசிலாமணி அண்ணன் டோலக்கை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெட்போன் இன்னும் காதில்தான்.

வாசிப்பதற்கு முன் அவள் கேட்டிருந்தாள். எப்போதும் கேட்பதுதான்.

"க்ளிக் கேக்குதாண்ணே?"

அவரும் எப்போதும்போலக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

இல்லாத சத்தத்துக்கு.

க்ளிக் என்றால் வேறொன்றுமில்லை. வாசிப்பவர் காதுக்குள் கணினி போடுகிற தாளம். டிக், டிக், டிக். பாட்டில் வராது. ஒரு காலத்தில் எல்லாரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து, ஒருவர் கையசைப்பைப் பார்த்து வாசித்தார்கள். இப்போது ஆளுக்கொரு நாள் தனியாக வந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அத்தனை பேரையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு அந்த டிக் மட்டும்தான்.

அண்ணனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "மாமியாக்காரி மாதிரி பின்னாடியே வருதும்மா. கொஞ்சம் அசந்தா மண்டையில குட்டுது" என்பார்.

யோசித்துப் பார்த்தால், அவர் மாமியாரைத் திட்டி ஒரு வருடம் ஆகிறது.

பழகிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

அந்த ஒரு வருடமாகத்தான் அவருடைய அடிகளும் விலகுகின்றன. அவர் கிளம்பிப் போன பிறகு, திரையில் ஒவ்வொரு அடியாகப் பிடித்து இழுத்து, அதனதன் தாளக் கோட்டில் உட்கார வைப்பாள். யாரிடமும் சொன்னதில்லை. வயசாகிறது, கை தளர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வாள்.

இசையமைப்பாளர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். காலையில் போனில் சொன்னார்.

"சாயங்காலம் வரேன். திருத்தாம அப்படியே போட்டுக் காட்டு. சரியில்லன்னா இனிமே மெஷின் டோலக்கையே வச்சுக்கலாம். பாவம், அவரையும் எதுக்கு இந்த வயசுல அலைய விடணும்?"

நல்ல மனிதர்தான். அதனால்தான் பயமாக இருந்தது.

காது போய்விட்டது என்று ஒரு ஸ்டுடியோவில் சொன்னால் போதும். மறுநாள் வடபழனி முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் அவரை யார் கூப்பிடுவார்கள்?

அவள் மைக்கை அழுத்தினாள்.

"டீ குடிங்கண்ணே. இன்னொரு டேக் போயிடலாம்."

"ஏன், நல்லாத்தானே வந்துச்சு?"

"நான்தான் ஒரு பொத்தானை மறந்துட்டேன்."

"நீ மறக்கலாம். நாங்க மறந்தா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க" என்று சிரித்துக்கொண்டே பிளாஸ்கைத் திறந்தார்.

பேச்சு கேட்கிறது. சந்தேகமே இல்லை.

அவர் கண்ணை மூடி டீயை உறிஞ்சினார். அவள் சிவப்பை அணைத்தாள். டிக், டிக், டிக். சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். இன்னும் கொஞ்சம்.

அவர் கால் அசையவில்லை.

மின்விசிறி கடகடத்தால்கூட அதற்குத் தாளம் போடுகிற கால் அது.

க்ளிக்கை மூடிவிட்டு, வேறொரு பாட்டிலிருந்து பேஸ் கிட்டாரை மட்டும் மெதுவாக விட்டாள்.

பெருவிரல் எழுந்தது. சரியான இடத்தில் விழுந்தது. மறுபடி எழுந்தது.

கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கனத்த சத்தமெல்லாம் அவர் காதுக்குப் போகிறது. ஊசி மாதிரி மெல்லிய சத்தம்தான் எட்டுவதில்லை.

ஒரு வருடமாக அவர் அந்த ஊசி இல்லாமலேதான் வாசித்திருக்கிறார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு.



உள்ளே போய்ச் சொல்லலாம். சொன்னால் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். டோலக்கை உறையில் போடுவார். "வரேம்மா" என்பார். பிறகு வரமாட்டார்.

பழைய பாட்டு ஒன்றைத் தேடித் திறந்தாள். முதன்முதலாக அவர் இங்கே வந்து வாசித்தது. அதிலிருந்து இடது கை அடி ஒன்றை மட்டும் வெட்டி எடுத்தாள்.

தொம்.

டிக் இருந்த இடத்திலெல்லாம் அதை வைத்தாள்.

"போலாமாண்ணே?"

அவர் டோலக்கை மடியில் ஏற்றிக்கொண்டார்.

பாட்டைத் தட்டிவிட்டாள். வழக்கம்போல வாய் கேட்டது.

"க்ளிக் கேக்குதாண்ணே?"

கட்டைவிரல் பழக்கத்தில் மேலே கிளம்பியது.

பாதியில் நின்றது.

தொம். தொம். தொம்.

அவர் தன் இடது கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"மாமியாக்காரி இன்னிக்குத் தொண்டை கட்டிக்கிட்டு வந்திருக்கா போல."

"ஆமாண்ணே. இனிமே அப்படித்தான் இருப்பாங்க."

அவர் விரல் மடங்கியது. கை டோலக்கில் இறங்கியது.

திரையில் முதல் அடி வந்து விழுந்தது, கோட்டின் மேலேயே.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.