லேபல் இல்லாத துணி

"இதை ஆர் வெட்டினது?"

தவமலர் போட்ட சத்தத்தில், லண்டன் ஸ்ட்ரெதமில் இருந்த கடைக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். 1988ஆம் ஆண்டு அது.

"நான்தான், அக்கா," என்றாள் இசபெல். கையில் கத்தரிக்கோல். மேசையில், துணிகளிலிருந்து வெட்டியெடுத்த லேபல்கள்.

கடையில் விற்பது, குவாத்தமாலா மலைக்கிராமங்களில் மாயா இனத்து விதவைகள் தறியின் வாரை இடுப்பில் கட்டி இருந்து நெய்து அனுப்பும் துணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு லேபல். நெய்தவளின் படம், பெயர், ஊர், அவள் புருஷனை ராணுவம் கொண்டுபோன கதை. வந்த கடிதங்களைப் படித்து, கண் பூத்துப்போகும் வரை இருந்து அவற்றைத் தட்டெழுதியது தவமலர். அந்தப் பெண்கள் பிழைக்கட்டும் என்ற நல்ல மனம்தான். தன் லேபல் என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது.

இன்றைக்குப் பதினொரு மணிக்குப் பத்திரிகைக்காரி படம் எடுக்க வருகிறாள். பேப்பரில் வந்தால் ஓடர் குவியும். வராவிட்டால் அந்தப் பெண்களுக்கு அடுத்த முறை நூல் வாங்கவே வழியில்லை.

"லேபலைப் பார்த்துத்தானே சனம் வாங்குது? வேலைக்கு வந்து ரெண்டு மாசம். உமக்கேன் இந்த வேலை?"

"துணி நல்ல துணி, அக்கா. அதைப் பார்த்தே வாங்குவினம்."

"அவையின்ர கதை உலகத்துக்குத் தெரிய வேண்டாமோ? உமக்கு இரக்கமே இல்லையோ?"

தவமலர் 1970இலேயே லண்டனுக்குப் படிக்க வந்தவர். இசபெல் போன வருஷம்தான் மன்னாரிலிருந்து தப்பி வந்தாள்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அண்ணையை ஆமி பிடிச்சதை அம்மா ஒரு வெளிநாட்டுப் பேப்பருக்குச் சொன்னவ. அவையும் இரக்கப்பட்டுத்தான் எழுதினவை. படம், பேர், ஊர், எல்லாம் சரியாப் போட்டவை."

"பிறகு?"

"அந்தப் பேப்பரைக் கையில வைச்சுக்கொண்டுதான் ஆமி அம்மாவைத் தேடி வந்தது."

தவமலர் ஒரு லேபலை எடுத்து, அதில் தான் தட்டெழுதிய ஊர்ப் பெயரைப் பார்த்தார்.

கதவு மணி அடித்தது. பத்திரிகைக்காரி உள்ளே வந்ததும் ஒரு சிவப்புத் துணியை ஆசையாகத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன அழகு. இதை நெய்தவர் யார்?"

மேசையின் லாச்சியை இழுத்து, மேலே கிடந்த லேபல்களை அதற்குள் தள்ளிக்கொண்டே தவமலர் சொன்னார்:

"பெயர் எங்களுக்குத் தெரியாது. துணியை நன்றாகப் படம் எடுங்கள்."