மூன்று கைகள்

கமிற்றிக் கூட்டம் முடியுமுன்பே, டொக்டர் கிறிஸ்துநாயகத்தின் அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகையைப் பியோன் கழற்றத் தொடங்கிவிட்டான். அப்படியென்ன அவசரம் என்று டொக்டருக்கு நெஞ்சு எரிந்தது.

"ஆர் கழட்டச் சொன்னது?"

"பிரக்கிராசியார்தான், ஐயா. இண்டைக்கே, இப்பவே எண்டார்." பியோன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வக்கீல் தொழில் பார்க்கும் பிரக்கிராசி சீவரத்தினம், ஊரார் பணம் சேர்த்துக் கட்டிய அந்த ஆஸ்பத்திரியின் கமிற்றித் தலைவர். 1936ஆம் ஆண்டு தொடங்கிய கையோடு, கிறிஸ்துநாயகத்தைத் தலைமை டொக்டர் கதிரையில் கொண்டுவந்து இருத்தியவரும் அவர்தான். பதினெட்டு வருடம் வார்ட்டில் நின்றபோது கிறிஸ்துநாயகத்தை அசைக்க ஆளில்லை. கதிரையில் இருந்த பிறகு, கமிற்றியில் மூன்று பேர் கையைத் தூக்கினால் அவரை இறக்கிவிடலாம் என்றாகிவிட்டது.

காரணம் அவருக்குத் தெரியும். போன கிழமை சீவரத்தினம் தன் மனைவிக்காக வந்து, "மனுசி படுக்கையாய்க் கிடக்கிறா, ஒருக்கா வீட்டை வந்து பாருங்கோ," என்று கேட்டார். தலைமை டொக்டர் எந்த வீட்டுக்கும் வைத்தியத்துக்குப் போகக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதை எழுதிக் கொடுத்தவரே கிறிஸ்துநாயகம்தான்.

"சின்ன டொக்டரை அனுப்பிறன்," என்றார். சீவரத்தினம் சட்டென்று எழும்பிப் போனார். அந்த வன்மம்தான் இது.

அடுத்த மாதம் மகள் ஸ்ரெல்லாவுக்குக் கலியாணம். தலைமை டொக்டர் வீட்டுச் சம்பந்தம் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் ஓம் என்று சம்மதித்திருந்தார்கள். இனி எந்த முகத்தோடு அவர்கள் வாசலில் போய் நிற்பது?

சீவரத்தினம் பதவி நீக்கக் கடிதத்தோடு உள்ளே வந்தார்.

"மூண்டு பேர் கை தூக்கினவை. மூண்டாவது கை என்ரை."

"நான் செய்த பிழை என்ன?"

"ஒரு பிழையும் இல்லை. கையெழுத்தை வையுங்கோ."

டொக்டர் கையெழுத்து வைத்தார். அவமானத்தில் கண் கலங்கியது. வாசலில் பிரக்கிராசியாரின் கார் உறுமிக்கொண்டு நின்றது. தன்னை ஆஸ்பத்திரி வளவைவிட்டு ஏற்றி அனுப்பவும் ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார்.

சீவரத்தினம் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மேசையிலிருந்த மருந்துப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய், கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"இனி நீங்கள் வீட்டை வரலாம்தானே, டொக்டர். என்ரை மனுசிக்கு இன்னும் மூச்சிருக்கு."