யார் தட்டினாலும்

கடைசி வரிசையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

பள்ளிப் பேருந்தை ஷெட்டில் நிறுத்திவிட்டு, இருக்கைகளுக்கு அடியில் கிடந்த தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு வந்த ஓட்டுநர் சிரித்துவிட்டார். ரேடியோதான். ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாத பையன் என்பதால் அவர் வைத்த பெயர் அது. இன்று தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டிருக்கிறான்.

"டேய் ரேடியோ, கடைசி ஸ்டாப்பும் போயாச்சுடா. எழுந்திரு."

எழவில்லை.

யாரோ அவன் தலைக்கு ஒரு பையை வைத்து வாகாகப் படுக்க வைத்திருந்தார்கள். தோளைப் பிடித்து உலுக்கினார். தலை தொங்கியது, அவ்வளவுதான். உதடு நீலம் பாரித்திருந்தது.

போனை எடுத்தார்.

அவசர எண்ணை அழுத்தினார். எண் தவறி, முதல் தடவை வேறு எங்கோ போனது. மறுபடி அழுத்தினார்.

எடுத்த பெண் பதறவில்லை. பையன் குறட்டை விடுகிறானா என்று கேட்டாள். ஆமாம், நன்றாகவே விடுகிறான் என்றார் இவர், அது ஏதோ நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு.

"அது தூக்கம் இல்ல சார். மூச்சு அடைக்கிற சத்தம். மாத்திரை ஏதாவது போட்டிருக்கானா பாருங்க. லைனைக் கட் பண்ணிடாதீங்க."

மாத்திரை.

போன வாரம் வேறொரு பள்ளியில் ஒரு பையன் போதை மாத்திரை போட்டு இறந்துபோனதிலிருந்து ஊரே அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டிருந்தது. இவருடைய பள்ளியும் சும்மா இருக்கவில்லை. மாத்திரையோடு பிடிபட்டாலும் சரி, அப்படிப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, விசாரணையே கிடையாது, பள்ளியை விட்டு வெளியே. இதைப் பேருந்துக்குள் அறிவிக்கும் வேலை ஓட்டுநர்கள் தலையில் விழுந்தது.

இவர் அதை ஆசையாகவே செய்தார். தன் மகளும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க, வண்டிக்கு நடுவில் நின்று, என் பொண்ணாகவே இருந்தாலும் இதே கதிதான் என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார். சொல்லி முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போனில் அந்தப் பெண் சொல்லச் சொல்ல, பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முகவாயைத் தூக்கிப் பிடித்தார். மூச்சு வந்தது. பிறகு வரவில்லை. இவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். வந்தது.

இன்று பின்வரிசை ஏன் அத்தனை அமைதியாக இருந்தது என்று இப்போதுதான் புரிந்தது. சந்தைக்கடை மாதிரி இரையும் கூட்டம், அவர் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக இறங்கிப் போனது. வழக்கமான கோரஸ்கூட இல்லை.

கோரஸ் அவர் மகளைக் கிண்டலடிப்பதற்கு. தெருமுனையில் அவள் இறங்கும்போது அவர் தினமும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: தாப்பாள் போட்டுக்கோ, யார் தட்டினாலும் திறக்காதே. அம்மா வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதுவரை வீட்டில் அவள் தனிதானே. மற்ற பிள்ளைகளும் கூடச் சேர்ந்து அதையே இழுத்து இழுத்துப் பாடுவார்கள். அவளுக்கு மானம் போகும். இன்று அவர் மட்டும்தான் சொன்னார். அவளும் சண்டை பிடிக்காமல், தலையைத் தூக்காமல், சரிப்பா என்றாள்.

பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கல்நெஞ்சம் ஒன்றும் இல்லை, இல்லாவிட்டால் தலைக்குப் பை வைப்பார்களா? பயம். அவர் எப்படிப் பயப்படச் சொன்னாரோ அப்படியே பயந்திருக்கிறார்கள்.

ஷெட் வாசலில் இன்னும் ஒரு சத்தத்தையும் காணோம். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, பக்கத்தில் வந்துவிட்டது என்றாள் போனில் பெண்.

பிறகு, எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் என்பதுபோல் கேட்டாள். "இவன்கூட வேற யாராவது அந்த மாத்திரையைப் போட்டாங்களா சார்?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அப்போதுதான் பையனின் தலைக்கடியில் இருந்த பையைச் சரியாகப் பார்த்தார்.

ஜிப் அறுந்த இடத்தில் ஒரு சாவி வளையம் கோத்திருந்தது. இந்தப் பேருந்தின் பழைய சாவி வளையம். கட்டிங் பிளேயரால் நெளித்து அதை மாட்டிக் கொடுத்தது அவரேதான்.

இன்று இறங்கும்போது மகள் முதுகில் பை இல்லை. படியில் கால் இடறி, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். என்ன, இப்பவே தூக்கம் சொக்குதா என்று கேலிகூடப் பண்ணினாரே.

எழுந்து ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. கையில் இன்னொருவர் பெற்ற பிள்ளை. மூச்சு வந்தது. நின்றது.

இன்னொரு வண்டியும் வேண்டும் என்று சொல்லி, தன் வீட்டு விலாசத்தைச் சொன்னார். தினமும் போய்வரும் தெருவின் பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. கதவைத் திறக்க வீட்டில் ஆள் உண்டா என்று பெண் கேட்டாள்.

"என் பொண்ணு இருக்கா. ஆனா தட்ட வேணாம்மா, யார் தட்டினாலும் திறக்க மாட்டா. கதவை உடைச்சிட்டு உள்ள போகச் சொல்லுங்க."